கடைமடைக்காரி கையில் வால்வு

கட்டடப் பராமரிப்பு வேலைக்கு எப்படி வருவது என்று இப்போது பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கென்று படிப்பு வந்துவிட்டது, சான்றிதழ் வந்துவிட்டது, ‘பெசிலிட்டி மேனேஜர்’ என்று வாய் நிறையப் பேரும் வந்துவிட்டது. நல்லாப் படிங்க, வேண்டாம்னு சொல்லல. நான் வந்த வழியைச் சொன்னால்தான் சிரிக்கிறார்கள். நான் டெலிபோன் போர்டு வழியாக வந்தவள்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூன்று மாடி. வாசலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு போர்டு, ஒரு நாற்காலி, நான். அரசு விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்து, டைப்பிங்கும் பாஸ் பண்ணி அங்கே போய்ச் சேர்ந்தேன். என் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். விடுதிச் சோறு போட்ட அரசாங்கத்தை யார் என்ன குறை சொன்னாலும் நான் சொல்லமாட்டேன். அந்தச் சோறு இல்லையென்றால் நானும் சேற்றில்தான் நின்றிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் எது உடைந்தாலும் எல்லாரும் ஒன்பதை அழுத்துவார்கள். ஒன்பது என்றால் நான். “ஃபேன் சுத்தலம்மா.” “பாத்ரூம் அடைச்சுக்கிச்சு.” “லிப்ட் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஒரு அம்மா கத்துறாங்க.” நான் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சொல்வேன். அவர்கள் மறப்பார்கள். திட்டு மட்டும் எனக்கு வரும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். எது கெட்டது, எங்கே, யார் சொன்னது, யார் போய்ப் பார்த்தது, சரியானதா இல்லையா. “என்ன பாப்பா, எங்க மேலேயே கேஸ் எழுதுறியா?” என்று பிளம்பர் அண்ணன் கிண்டல் பண்ணுவார். “ஆமாண்ணே, இன்னைக்கு உங்க மேல மூணு கேஸ்” என்பேன்.

விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் சில வருஷத்தில் எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பதெல்லாம் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய மேனேஜர் திடீரென்று வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே எக்ஸ்ரே அறையில் குழாய் வெடித்தது. அதற்கு வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய டாக்டர், அவர்தான் ஆஸ்பத்திரிக்கு முதலாளி, கத்திக்கொண்டே கூண்டைத் தாண்டி ஓடினார். “சார், மருந்துக்கடைக்குப் பின்னால, ஜெனரேட்டர் சுவத்துல, சேப்புக் கைப்பிடி” என்றேன். நின்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் கூப்பிட்டு, “ஆறு மாசம் நீயே பாரும்மா. சரியா வந்துதுன்னா நீதான் மேனேஜர். வரலேன்னா பழையபடி போர்டுல போய் உட்கார்ந்துக்க” என்றார்.

போர்டு ஒன்றும் மோசமான இடமில்லை. ஆனால் அந்தப் ‘பழையபடி’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த ஒன்பது பெண்களும் எங்களைப் போன்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்மள ஏய்னு கூப்புடாத ஒரு மேனேஜரு வரட்டும்டி” என்றார். எப்படியாவது அந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

நாலு மாதம் நன்றாகப் போனது. பிறகு கோடை வந்தது.

அந்த வருஷம் ஆற்றில் மணல்தான். ஆஸ்பத்திரி போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய், மோட்டார் காலையில் ஒரு மணி நேரம் ஓடினால் காற்றைக் கக்கியது. தண்ணீர் லாரியை நம்பித்தான் பிழைப்பு. மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் பிரிவு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம், தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடாது. வாரத்துக்கு இரண்டு தடவை வந்து படுத்தால்தான் அவர்களுக்கு உயிர். ஆனால் மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த மூன்றாம் மாடிதான். தொட்டிக்கு நேர்கீழே இருக்கிறது, என்ன பிரயோசனம்? முதல் மாடி ஸ்பெஷல் வார்டில் நாலு குழாயைத் திறந்துவிட்டால் மேலே சொட்டுக்கூட வராது.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் இருக்கிற வாய்க்காலையெல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். முறை வைத்து விடுவார்கள். முறை வந்தால் எங்கள் ஊர் ஆட்கள் மேலே தலைமடைக்கே போய் உட்கார்ந்து காவல் இருப்பார்கள், இல்லையென்றால் அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் திருப்பிவிடுவார்கள். அதில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. தண்ணீருக்குச் சண்டை, கூலி நெல்லுக்கு வேலைநிறுத்தம், வெளியாள் கொண்டுவந்து அறுத்தால் மறியல். என் சின்ன வயதில் அறுப்புக்காலம் என்றால் போலீஸ் வேன் வருகிற காலம். அப்பா சங்கக் கொடி பிடித்து நாலைந்து தடவை அந்த வேனில் ஏறியவர்.

ஆஸ்பத்திரியிலும் முறை வைத்தேன். டயாலிசிஸ் ஓடுகிற நேரமெல்லாம் ஸ்பெஷல் வார்டு வால்வு மூடியிருக்கும். மொட்டைமாடியில் அந்த வால்வுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, குடை பிடித்து, அக்காவும் நானும் மாறி மாறிக் காவல் இருந்தோம். ஸ்பெஷல் வார்டிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மேலேறி வந்து, “நான் யார் தெரியுமா?” என்றார். “தெரியாதுங்க, ஆனா பதினோரு மணிக்குத் தண்ணி வரும்ங்க” என்றேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மடை முதல்முறையாக எங்கள் கையில்!

அந்தத் திமிரில்தான் சறுக்கினேன்.

ஒரு வியாழக்கிழமை காலை லாரி டிரைவர், “நாளைக்குச் சொல்ல முடியாதும்மா, பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். கடைமடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்துவிட்டால் வயலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கமாட்டோம். வரப்பு முட்டக் கட்டிவைத்துக்கொள்வோம், பயிர் அழுகினாலும் சரி. அடுத்த முறை வரும் என்று யார் கண்டது? நானும் அதைத்தான் செய்தேன். ஊரெல்லாம் சொல்லி நீல டிரம்களைக் கொண்டுவரச் செய்து, மூன்றாம் மாடி வராந்தா முழுக்க வரிசையாக நிறுத்தி, “விளிம்பு வரைக்கும் நெரப்புங்க” என்றேன். பிளம்பர் அண்ணன் தலையைச் சொறிந்தார். “இவ்வளவு எதுக்கும்மா? ரெண்டு நாளைக்கு மேலயே வருமே.” “நெரப்புங்கண்ணே!” என்று எரிந்து விழுந்தேன்.

டிரம்கள் பொங்கி வழிந்தன. வழிந்த தண்ணீர் வராந்தா மூலையில் இருந்த வடிகால் டிரெயினுக்கு ஓடியது. அந்த டிரெயின் ஏற்கெனவே உடைந்து கிடந்தது. அதற்கு நேர்கீழே ஆபரேஷன் தியேட்டர்.

போன் வந்தது. தியேட்டர் சிஸ்டர். “மேலேருந்து ஒழுகுது! டேபிள்ல ஆளு படுத்திருக்காரு!” நான் படி படியாக இறங்கவில்லை, விழுந்தேன் என்றே சொல்லலாம். குடல்வால் ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்டு ஒரு விவசாயியைப் படுக்கவைத்திருந்தார்கள். அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளிச் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தி வைக்கவில்லை, கும்பிட்ட சாமிக்கெல்லாம் புண்ணியம். பாதிப் பிரக்ஞையில் அவர் என்னைப் பார்த்து, “மழையாம்மா?” என்றார். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, அவரைச் சின்ன தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக வழிவிட்டு, அக்காவும் நானும் தரையைத் துடைத்து முடித்தோம். ஆபரேஷன் அங்கே நல்லபடியாக நடந்தது.

கீழே கூண்டுக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். ‘மூணாம் மாடி வராந்தா டிரெயின் உடைஞ்சிருக்கு, தியேட்டருக்கு மேல.’ எழுதிப் பல மாதம் ஆகியிருந்தது. என் கையெழுத்துதான்.

மதியம் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். படியில் பிளம்பர் அண்ணன் வழிமறித்தார். “ஹோஸை மூடாம நாந்தான் விட்டுட்டேன்னு சொல்லிடுறேன். எனக்கு ரிட்டயர் ஆகப்போற வயசு, திட்டுவாரு, விட்டுருவாரு. உனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கெடுத்துக்காத.” அந்த மனுஷனுக்கு நான் என்ன செய்தேன்? காலையில் அவர் மேல் எரிந்து விழுந்ததைத் தவிர! ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நொடி சரி என்று சொல்ல வாய் வந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தியேட்டர் சிஸ்டர் அங்கே நின்றிருந்தார். கோபக்காரர். அவர் முன்னால் டாக்டர்களே மெதுவாகத்தான் பேசுவார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“யார் நெரப்பச் சொன்னது?” என்றார் டாக்டர்.

“நாந்தான் சார். டிரெயின் உடைஞ்சதும் எனக்குத் தெரியும். நோட்டுல எழுதியிருக்கேன்.”

“தெரிஞ்சுமா? ரெண்டு நாளைக்குத் தேவையானது போதாதா?”

உண்மையைத்தான் சொன்னேன். “நாளைக்குத் தண்ணி வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல சார். எங்க ஊர்ல யாருக்குமே கிடையாது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் குடும்பம் தலைமடைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் போய்விட்டதை இன்னும் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். என்ன நினைத்தாரோ, சிஸ்டரைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“தப்புதான் சார். பெரிய தப்பு” என்றார் சிஸ்டர். “ஆனா அந்தத் தியேட்டர் போன மழைக்கும் ஒழுகுச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் ஆளு வந்தான். இன்னைக்கு நான் போனை வைக்கறதுக்குள்ள இந்தப் பொண்ணு வந்து நிக்குது.” அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னார்: “டிரம்மையெல்லாம் இன்னைக்கே இறக்கு. டிரெயினை மாத்து. லாரிக்காரன்கிட்ட தினமும் நானே பேசுறேன். நாளைக்குத் தண்ணி உண்டா இல்லையான்னு சாயந்தரம் உனக்குச் சொல்லிடுறேன். அப்புறம் நீ பதுக்க வேண்டாம். உன் வேலையைப் பத்தி திங்கக்கிழமை பேசுவோம்.”

மறுநாள் லாரி வழக்கமான நேரத்துக்கே வந்து நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமடைக் குடும்பத்து மனுஷன் ஒருத்தர், ‘நாளைக்குத் தண்ணி உண்டுன்னு நானே சொல்றேன்’ என்று கடைமடைக்காரியிடம் சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“எழுதி வாங்குனியா?”

அப்பா கேட்காமல் யார் கேட்பார்கள்? நாங்கள் குடியிருந்த மனை பண்ணைக்காரருடையது. ‘அது உனக்குத்தான்டா’ என்று அவர் வாயால் சொன்னார். அப்பா வேலைநிறுத்தத்தில் சேர்ந்த மறுவாரம் கூரையைப் பிரிக்க ஆள் அனுப்பினார். குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்து, அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, பட்டா கைக்கு வந்த பிறகுதான் அந்த வீட்டில் எங்களுக்கு நிம்மதியான தூக்கம்.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் போய் நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று, “சார், தண்ணி விஷயத்தை எழுதிக் குடுத்துடுங்க” என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மருந்துச்சீட்டு ஒன்றைக் கிழித்து மடமடவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். படித்தேன்.

“சார்... மேல ‘மேனேஜர் அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கீங்க.”

“வேற யாருக்கு எழுதச் சொல்ற?” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கீழ்ப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். “போர்டுக்கே அனுப்பிட்டாரா? விடுடி, அவன் கெடக்கறான்” என்று என் தலையைத் தடவினார். நான் சீட்டை நீட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்து, விரலை வைத்து, முதல் வார்த்தையிலிருந்து படித்துக் காட்டினேன்.