வெளியூர் கோல்கீப்பர்

இராஜாங்கம் ஒரு பந்தை நேராக உதைத்ததாக ஆலத்தங்குடியில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஊர்க் கால்பந்துக் குழு எங்கே ஆடினாலும் கோட்டோரத்தில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். சம்பா அறுப்பு முடிந்து மண் காய்ந்ததும், மிராசுதார் அய்யாவுவின் பெரிய வயலில் தாளைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேற்கேயும் கிழக்கேயும் மூங்கில் நடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை அது மைதானம். வந்த பிறகு மறுபடியும் வயல்.

இராஜாங்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். பகலெல்லாம் அய்யாவுவை எதிர்த்துப் பேசுவார். சாயங்காலம் அதே அய்யாவுவின் வரப்பில் நின்று, அய்யாவு பந்து வாங்கிக் கொடுத்த டீமுக்காகத் தொண்டை வறளக் கத்துவார். இதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அய்யாவுவுக்கும் தோன்றியதில்லை. அவர் முன்பு கதர் கட்டியவர். ஆட்சி மாறியதும் கரை வேட்டிக்கு மாறினார். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலம் எங்கும் போகவில்லை, பட்டாவில் புதுப் பெயர்கள் வந்து சேர்ந்தன. தொழுவத்துக் காளை பேரிலும் கொஞ்சம் இருப்பதாக ஊரில் பேச்சு. முரண்பாடு என்பது அந்த ஊரில் வண்டல் மாதிரி, வருஷா வருஷம் படியும். அதில்தான் எல்லாம் விளைந்தது.

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் இராஜாங்கத்துக்கு இரண்டு கவலைகள். முதலாவது நடவு. போன குறுவைக்கு அய்யாவு வெளியூரிலிருந்து லாரியில் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். இராஜாங்கத்தின் மனைவி செவ்வந்தியும் தெருப் பெண்களும் ரோட்டில் நின்று, தங்கள் ஊர் வயலை யாரோ நடுவதைப் பார்த்தார்கள். அந்த ஐப்பசியில் பல வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. இந்த வருஷம் சங்கம் ஒன்றே ஒன்றைக் கேட்டது: உள்ளூர் ஆளுக்கே முதல் வேலை, உள்ளூரில் ஆள் இல்லையென்றால் மட்டும் வெளியாள்.

இரண்டாவது கவலை டீம். மருதங்காவல் குழுவிடம் மூன்று கோடையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவை நடத்துபவர் அய்யாவுவின் பங்காளி என்பதால், கோப்பை போனது அய்யாவுவுக்குப் பாகப்பிரிவினையில் தோற்ற மாதிரி இருந்தது. அதுவரை மேனேஜராக இருந்தவர் பண்ணைக் கணக்கப்பிள்ளை. நெல்லடிக்கும் களத்துக்கு எவன் நேரத்தில் வருகிறானோ அவனுக்கு பார்வர்டு இடம் கொடுத்து வந்தவர். அவரை எடுத்துவிட்டு ஜெக்கரியா மாஸ்டரைப் போட்டார் அய்யாவு. தரங்கம்பாடிப் பக்கம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பக்கத்தில் என்று இங்கே வந்து தங்கியிருந்தார்.

அப்துல் வஹாபின் டீக்கடையில் அன்று இதுதான் பேச்சு.

"ஆளு எப்படி?" என்றார் இராஜாங்கம்.

"நல்ல ஆளுதான். ஆனா விடியக்காலம் விசில் ஊதுறாரு" என்றான் பக்கிரி. சைக்கிள் கடைக்காரன். பந்துக்குக் காற்றடிப்பவன் என்பதால் ஆட்டத்தின் நுட்பம் தனக்கே தெரியும் என்று நம்புகிறவன். "நம்ம பயலுவ அந்நேரத்துக்கு வயலுக்கே போனதில்ல. ஆட்டத்துக்கா போவானுவ?"

"பந்தை வச்சுக்கிட்டு ஓடாத, அடுத்தவனுக்குக் குடுங்கிறாராம்" என்றார் வஹாப், டீயை ஆற்றிக்கொண்டே. "இந்த ஊர்ல எவன் எவனுக்கு எதைக் குடுத்திருக்கான், பந்தைக் குடுக்க?"

"அதைச் சொல்லுங்க பாய். முன்னாடி ஆடுற ரெண்டு பேரும் மெட்ராஸ் காலேஜுக்குப் போயாச்சு. லெஃப்ட் பேக்குல நிக்கிறவன் பந்து வந்தா வழி விடுறான், மாடு வந்தா விலகுற மாதிரி. பாதி டீமை மாத்தணும்ணே" என்றான் பக்கிரி.

"கோல்கீப்பர்?" என்று யாரோ கேட்டார்கள்.

கடை சட்டென்று அடங்கியது. கோல்கீப்பர் வீரையன், செவ்வந்தியின் தம்பி. ஏர் ஓட்டுகிறவன், சங்கத்து ஆள். தரங்கம்பாடியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவர மாஸ்டர் நினைக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் இராஜாங்கத்தைப் பார்த்தார்கள். இராஜாங்கத்துக்கு அந்த நேரத்தில் ஒரு நீதிமானின் பெருமிதம் வந்தது. அது வரும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மச்சான்னு பாக்காதீங்கப்பா. உள்ளூர்க்காரன்னு பாத்தா கோல் வாங்கிக்கிட்டேதான் நிக்கணும். வேலை தெரிஞ்சவன் எங்கேருந்து வந்தா என்ன?"

கடை முழுக்கத் தலையாட்டியது. மூலை பெஞ்சில் பழைய மேனேஜர் கணக்கப்பிள்ளை, தன் பதவி போன துக்கத்தோடு வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டும் தலையாட்டவில்லை. கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் காயாரோகணம் வந்து இறங்கினான். கடலோரத்துப் பையன், வலைக்கயிறு அறுத்த விரல்கள். மணலில் ஆடிப் பழகியவனுக்கு இந்த இறுகிய மண்ணில் கால் பறந்தது. துள்ளி வரும் மீனைப் பிடிப்பது போலப் பந்தைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டான். இராஜாங்கத்துக்குக் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்தது. வீரையன் வரப்பில் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

செவ்வந்தி சோறு போடும்போது கேட்டாள்.

"என் தம்பிய நிப்பாட்டிட்டுக் கடக்கரைக்காரனுக்குக் கை தட்டுறீங்களாமே?"

"ஆட்டம் வேற, ஒறவு வேற."

"போன வருசம் லாரில வந்தவளுவ எங்களவிட வெரசாத்தான் நட்டாளுவ. அவளுவளுக்கு நீங்க கை தட்டலையே."

இராஜாங்கம் குழம்பு கேட்டார். அவள் ஊற்றினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்று அவர் நினைத்தார்.

தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தபோது அய்யாவு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்:

"உள்ளூர் ஆளு, உள்ளூர் ஆளுன்னு இவரு கேக்குறாரு. வேலை தெரிஞ்சவன் எங்கேருந்து வந்தா என்னன்னு வஹாப் கடையில சொன்னதும் இவருதான். மச்சினனையே எடுத்துட்டு வெளியூர்ப் பையனைப் போடச் சொன்னவரு. பெரிய மனசு. அதே மனசு எனக்கும் இருக்குங்க. நானும் வேலை தெரிஞ்சவங்களைக் கொண்டாறேன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கத்து ஆட்களில் ஒருவர்கூடச் சிரித்தார், பிறகு இருமினார்.

"ஆட்டம் வேற, வேலை வேற" என்றார் இராஜாங்கம்.

"என் வயல்ல நடக்குற எதுவும் எனக்கு ஒண்ணுதான்யா."

பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நேர்மையாகவே தேடிப் பார்த்தார் இராஜாங்கம். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று விளையாட்டுக்கு. அது உண்மைதான். ஆனால் அய்யாவு கேட்டது அதை அல்ல. ஊர் எல்லை நெருங்கும்போது களைப்பாக இருந்தது. வித்தியாசம் கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். டீமில் ஆறு பேர் சங்கத்து ஆட்கள். உள்ளூர் ஆள் இருக்கும்போது நடவிலோ கோலிலோ வெளியாளை இறக்கினால் அந்த ஆறு பேரும் ஆட்டத்தில் இறங்கக் கூடாது.

"அண்ணே, பைனலுண்ணே" என்றான் ஒருவன், மெதுவாக.

"தெரியும்."

யாராவது பலமாக எதிர்த்துப் பேசமாட்டார்களா என்று இராஜாங்கம் உள்ளுக்குள் ஏங்கினார். சங்கத்தை இத்தனை கட்டுப்பாடாக வளர்த்தது தானே என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் வீரையனைப் பார்த்தார்கள். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை மருதங்காவலோடு பைனல். அதற்கு முந்தின நாள் காலை இராஜாங்கம் அய்யாவு வீட்டு வாசலில் நின்றார். அவருடைய அப்பா காலத்தில் அங்கே 'ஆண்டை' என்று கூப்பிட்டார்கள். சங்கம் வந்த பிறகு அதை விட்டாயிற்று. பதிலுக்கு எதைச் சொல்வது என்று முடிவாகாததால், அவர் பல வருஷமாக அய்யாவுவை எதுவும் சொல்லி அழைக்காமலேயே பேசிவந்தார். ஜெக்கரியா மாஸ்டரும் அங்கே இருந்தார்.

"அன்னிக்குச் சொன்னது சரிதான். ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்துத் தீர்மானத்தைச் சொன்னார்.

அய்யாவு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கையை விரித்தார். "ஆறு பேரு இல்லாம நான் நாற்காலியையா நிறுத்த முடியும்? நாங்க வரலைன்னா அவங்க ஆடாமலே கோப்பையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

பங்காளி வண்டியைவிட்டு இறங்காமலேயே கோப்பையை வாங்கிக்கொண்டு போகும் காட்சி அய்யாவுவின் முகத்தில் ஓடியது. அவர் நாற்காலியை முன்னுக்கு நகர்த்தினார்.

"சரிய்யா. நடவுக்கு உன் ஆளுங்கதான். கையெழுத்துப் போட்டுடறேன். அந்தப் பையன் மட்டும் கோல்ல நிக்கட்டும். உனக்கும் கப்பு வேணும், எனக்கும் வேணும். மறைக்காத."

இதைவிட நல்ல பேரம் இராஜாங்கத்துக்கு வாழ்க்கையில் யாரும் கொடுத்ததில்லை. காயாரோகணம் அந்தரத்தில் பாய்ந்து பந்தைத் தட்டுவது கண்ணுக்குள் தெரிந்தது.

"வேணுங்க. ஆனா அவன நிக்கவச்சா, அடுத்த வருசம் இதையே எடுத்துச் சொல்லுவீங்க."

அய்யாவு வெற்றிலைப் பெட்டியை மூடினார். பிறகு சிரித்துவிட்டார். "சொல்லத்தான் செய்வேன்."

அன்று மத்தியானமே நடவு ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் வீரையன் கோலில் நின்றான்.

மாஸ்டரின் டீம் உண்மையிலேயே மாறியிருந்தது. ஆலத்தங்குடி வரலாற்றில் முதல் முறையாக ஒருவனிடமிருந்து ஒருவனுக்குப் பந்து போனது. வஹாப் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து இந்த அதிசயத்தைப் பார்த்தார். இரண்டு கோல் போட்டார்கள். வாங்கியது ஐந்து. மூங்கிலுக்குப் பின்னால் நின்ற காயாரோகணம், "வலக்கைப் பக்கம்ண்ணே, முன்னால வாங்கண்ணே" என்று கடைசி நிமிஷம்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். வீரையன் ஒவ்வொரு தடவையும் சரியான பக்கம்தான் சாய்ந்தான். உடம்பு பின்தங்கித்தான் வந்து சேர்ந்தது.

மறுநாள் காயாரோகணத்தைப் பஸ் ஏற்றிவிடப் போனார் இராஜாங்கம்.

"கோவிச்சுக்காத தம்பி."

"அட ஏண்ணே. எங்க ஊருக் கரையில வெளியூர்ப் படகு வந்து வலை போட்டா நாங்க மட்டும் விடுவோமா?" என்றான் காயாரோகணம். "நீங்க இத்தனை நாளு விட்டதுதான் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு."

அதன் பிறகு கொஞ்ச நாள் இராஜாங்கம் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு மழைக்கு மாறியது. "சங்கம் ஜெயிச்சிருச்சுல்லண்ணே, அது போதும்" என்றான் பக்கிரி, டியூபில் ஓட்டை தேடிக்கொண்டே. நடவு ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்துவிட்ட கூலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? போன கோலைப் பற்றித்தான் பேச்சு வளரும்.

ஒரு சாயங்காலம் வீரையன் வந்து பக்கத்தில் குந்தினான். முழங்காலில் எண்ணெய் வாடை.

"மாமா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"மாஸ்டரு வந்த புதுசுல நான்தான் அவருகிட்டப் போயி, எனக்கு முட்டி தாங்கல, வேற ஆளு பாருங்கன்னு சொன்னேன். அதுக்கப்பறம்தான் அந்தப் பையனுக்கு ஆளு அனுப்பினாரு."

உள்ளூரில் ஆள் இல்லையென்றால் வெளியாள். சங்கமே கேட்டு வாங்கிய விதி அது. அந்த விதிப்படியே காயாரோகணம் நின்றிருக்கலாம். அய்யாவுவால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

"மாஸ்டரு சொல்லலையே?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். வேலைக்கு ஆவ மாட்டான்னு தெரிஞ்சா ஏரு யாரு குடுப்பா?"

"கூட்டத்துலயாவது சொல்லியிருக்கலாமேடா."

"என்னைய வச்சித்தான் தீர்மானமே போட்டீங்க. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தீங்க. எனக்கு வேணாம்னு எப்படி மாமா சொல்றது? நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலையே."

அது சரிதான். அய்யாவுவைக் கேட்டார், தாசில்தாரைக் கேட்டார், ஆறு பேரைக் கேட்டார். கோலில் நிற்க வேண்டியவனை மட்டும் கேட்கவில்லை.

ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மைதானம் சேறானது, மூங்கில்களைப் பிடுங்க யாருக்கும் மனம் வராமல் இரண்டு பக்கமும் அப்படியே நின்றன. நடவு அன்று விடியலில் பெண்கள் வரப்பில் கூடியபோது இராஜாங்கம் ஒருத்தியையும் இறங்க விடவில்லை. வரிசையாக ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்: "ஒனக்கு நடவுக்கு வர இஷ்டந்தானே? ஒடம்பு முடியுமா?" கேள்வி விநோதமாக இருந்ததால் சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் அவருக்குக் காய்ச்சலா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான எல்லையம்மாள், "இடுப்பு முடியல, ஆனா வருவேன், நீ யாரு கேக்க?" என்றாள். நாற்று முடிகள் வாடத் தொடங்கின.

கடைசியாகச் செவ்வந்தி.

"நீ வர்றியா?"

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கல்யாணமாயி இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் என்னைய ஒண்ணு கேட்டிருக்கீங்க" என்றாள். பிறகு வயலைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்து மூங்கில்ல என் தம்பி கோல் ஜாஸ்தி விட்டான்?"

இராஜாங்கம் ரசிகர். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"மேக்க மூணு. கெழக்க ரெண்டு."

"அப்ப மேக்கேருந்தே ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லி, நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கினாள்.