பண்டமாற்றுத் தீவில் ஒரு மறுவீட்டு அழைப்பு

பாங்காக்கில் இரண்டு நாட்டு அமைச்சர்களும் பேசி முடித்துவிட்டார்கள், இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் இனிச் சண்டை இல்லை என்று பத்திரிகையில் வந்த வாரமே நான் கிளம்பியிருக்க வேண்டியது. இரண்டு மாதம் தள்ளிப்போனது. சோம்பல் காரணமில்லை. தஞ்சோங் பினாங்கில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது என்று சிங்கப்பூரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா ராஜம் கல்யாணமாகித் தஞ்சோங் பினாங்கு போன சில மாதங்களிலேயே மோதல் தொடங்கிவிட்டது. அத்தானுக்கு அங்கே ஜவுளிக் கடை. நல்ல படகென்றால் அரை நாள் பயணம்தான். ஆனால் மூன்று வருடமாக இங்கிருந்து யாரும் போகவில்லை, அங்கிருந்து யாரும் வரவில்லை. மறுவீட்டுக்குக்கூட அவர்களை அழைக்கவில்லை. அக்காவின் பையனுக்கு இரண்டரை வயது. எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பார்த்ததில்லை. இப்போது அவளுக்கு மறுபடியும் ஏழு மாதம். முதல் பிரசவம்தான் தாய்வீட்டில் நடக்காமல் போயிற்று, இதையாவது இங்கே கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். அக்காவைக் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் கப்பல்களின் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். கம்பியில் மின்சாரம் வருகிறதா, இல்லையா என்று பார்த்துப் பழகியவன். துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் கேட்டேன். ஒப்பந்தம் மலேசியாவுடையது, நாம் போன வருடமே மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகிவிட்டோம், ஆகவே நமக்குப் பொருந்தாது என்றார்கள். சரி, நாம் மலேசியாவில் இல்லையென்றால் நமக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லையே, படகு விடலாமே என்றேன். பாதுகாப்பு விஷயம், அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் இந்தோனேசிய ஆட்கள் குண்டு வைத்தபோது நாம் மலேசியா. சமாதானம் பேசும்போது தனி நாடு. இடையில் ஜகார்த்தா நம்மைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டது, அதில் கோலாலம்பூருக்குக் கோபம். எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்து பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் சுற்று மூடவில்லை.

வழி காட்டியது அலுவலகம் அல்ல, சிராங்கூன் சாலையில் மிளகு, கொப்பரை வாங்கி விற்கும் ஒரு வியாபாரி. தெற்கே ஒரு சின்னத் தீவில் இந்தோனேசியப் படகுகளை நிறுத்தவிடுகிறார்கள், அங்கே சரக்குக்குச் சரக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் படகில் வருகிறவர்கள் நகருக்குள் வரக்கூடாது என்று விளக்கினார். தன் ஆள் மூலம் அத்தானுக்குச் சொல்லியும் அனுப்பினார். அடுத்த சரக்குப் படகில் குடும்பத்தோடு வருவதாகப் பதில் வந்தது. தீவுக்குப் போய்வரும் அனுமதிச் சீட்டையும் அவரே தன் கடைப் பெயரில் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

புறப்பட்ட நாள், குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து முதலில் சிராங்கூன் சாலைக்கே போகவேண்டியதாயிற்று. வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வாங்கிப் பித்தளைத் தட்டோடு கொண்டுபோகச் சொல்லி அம்மாவின் உத்தரவு. நாடுகளே பேசி முடியாத விஷயத்தில் வெற்றிலை என்ன செய்யும் என்று எரிச்சலோடு வாங்கினேன். எனக்கு முக்கியமாகப் பட்டது அக்காவின் பிறப்புப் பத்திரம்தான். இங்கே பிறந்தவள் இங்கே இறங்குவதை யார் தடுக்க முடியும்?

கிளிஃபர்ட் பியர் படகுத்துறையிலிருந்து வியாபாரிகளோடு கூட்டுப் படகு. தலைக்குக் கட்டணம் மூன்று வெள்ளி, காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டும்வரை கடல் சாதுவாக இருக்கும். அதற்குப் பிறகு குலுக்கும். முந்தின இரவு பரோட்டா சாப்பிடாதீர்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தீவு. ஒரு துறைமேடை, நாலைந்து தகரக் கொட்டகைகள், புகைபோட்ட ரப்பரின் நாற்றம். நிழல் கிடையாது.

மேடையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். விதியை அவர்தான் சொன்னார். படகிலிருக்கிறவர்களில் சரக்கு தூக்குகிறவர்கள் தவிர யாரும் மேடையில் கால் வைக்கக்கூடாது. நாங்கள் படகில் ஏறக்கூடாது. அக்காவின் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"உங்கட அக்கா இஞ்சை பிறந்தவ. அவ இறங்கலாம். பிள்ளை அங்கை பிறந்தது, தகப்பன்ர நாடு. அது வரேலாது."

"ரெண்டரை வயசுப் பிள்ளை சார்."

"வயசு பற்றி எனக்கு ஒண்டும் எழுதி வரேல்லை, தம்பி."

மேடையை ஒட்டி நின்ற படகில், அக்கா ரப்பர்க் கட்டுகளுக்கு நடுவில் குடையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து, கை மெலிந்திருந்தது. பக்கத்தில் பையன். என்னைப் பார்த்து அழுதாள், சிரித்தாள். நான் நேரத்தை வீணாக்காமல் பத்திரத்தை உயர்த்திக் காட்டி, நீ மட்டும் வரலாம், இப்பவே இறங்கு, பையனை அத்தான் பார்த்துக்கொள்வார் என்று கத்தினேன். முடிந்த வேலை என்று நினைத்தேன்.

அத்தான் எழுந்தார். முகமே மாறியிருந்தது.

"பொண்ண மட்டும் கூட்டிட்டுப் போக வந்தியா மாப்ள? நாங்க என்ன தீத்துவிட்டா அனுப்புறோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுவீட்டுக்கு ஒருமுறைகூட அழைக்காத வீட்டிலிருந்து தம்பி வந்து, புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அக்காவை மட்டும் இறங்கச் சொன்னால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கல்யாணத்தை முறித்துக்கொள்வது. அரசாங்கத்து விதி அப்படி என்றேன். மூன்று வருடமாக உன் அப்பா ஒரு வார்த்தை அழைத்தாரா, அதுவும் அரசாங்கத்து விதியா என்றார். கடல் மூடியிருந்ததே என்றேன். இப்போது திறந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டார்.  

அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னாள்.

"கையில தட்ட வச்சுக்கிட்டுக் காகிதத்த ஆட்டுறியே, அறிவிருக்கா உனக்கு?"

தட்டைக் கொடுக்கவேண்டும். அதை முறைப்படி அவர் வீட்டில் வைத்துக் கொடுக்கவேண்டும். நான் படகில் ஏற முடியாது. அவரும் மேடைக்கு வந்து வாங்க முடியாது, வந்தால் தானே தேடிவந்ததாகிவிடும். அதிகாரியிடம் போய், படகுக்கும் மேடைக்கும் நடுவில் போட்டிருக்கும் பலகை எந்த நாடு என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதைப் பற்றியும் ஒண்டும் வரேல்லை" என்றார். "கெதியாச் செய்யுங்கோ, கட்டு இறக்கவேணும்."

பலகையில் பாதி தூரம் நான் நடந்தேன். அத்தான் உடனே வரவில்லை. பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் மலாயில் திட்டினார்கள். கடைசியில் வந்தார். பலகை ஆடியது, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அத்தான், நீங்க, அக்கா, பிள்ளை மூணு பேரும் வீட்டுக்கு வரணும் என்றேன். தட்டை வாங்கி வெற்றிலையை ஒன்று ஒன்றாகப் பார்த்தார்.

"கூப்ட்டாச்சுல்ல. வர்றோம் லா" என்றார். "என்னைக்கு வர்றதுன்னு உங்க கவர்மெண்டக் கேட்டுச் சொல்லு."

அக்கா அன்று இறங்கவில்லை. பிறகு அத்தானே அவளைப் போய்வரச் சொன்னார். பிள்ளையை விட்டு வரமாட்டேன், அம்மாவை அடுத்த படகு நாளில் இங்கே கூட்டிவா என்று முடித்துவிட்டாள். குழந்தை தஞ்சோங் பினாங்கில்தான் பிறக்கும்.

அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சரக்கு வியாபாரி ஒருவரைப் பிடியுங்கள், கவுண்டர்களில் நிற்காதீர்கள். குடையும் குடிதண்ணீரும் எடுத்துப் போங்கள். சமாதானம் ஆகிவிட்டதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று மட்டும் கேளுங்கள். முறை செய்யவேண்டியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், காகிதத்தைப் பிறகு காட்டுங்கள்.

அம்மா இப்போது பேரனுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்திருக்கிறாள். பையன் எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்டாள். உட்கார்ந்தே இருந்தான், பலகைக்கு அந்தப் பக்கம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொல்லியிருக்கிறேன்.