இரண்டு ஹெட்லைட் பல்புகள்

எங்கள் கல்லூரி ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம். மறுநாள் பரீட்சை ரிசல்ட் அச்சடிக்க வேண்டும், கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி போய்விட்டது. அவனியாபுரத்தில் தகரக் கொட்டகையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒல்லியான மனிதர். வலது புறங்கை முழுக்கச் சூட்டுத் தழும்புகள்.

மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டார். மீட்டர் முள் பன்னிரண்டு வோல்ட்டில் ஆடாமல் நின்றது.

"குடுங்கண்ணே, கிளம்புறேன்" என்றேன்.

"சும்மா இருக்கையில சரியாத்தான் காட்டும் சார். வேலை குடுத்துப் பாக்கணும்" என்றவர், கார் ஹெட்லைட் பல்பு இரண்டை அதில் மாட்டி எரியவிட்டார். அடிக்கடி பெட்டிமேல் புறங்கையை வைத்தார். "கரண்டு எம்புட்டு வீணாப் போகுதுன்னு இந்தச் சூடே சொல்லிரும்."

அரைமணி நேரத்தில் கருகல் வாடை வந்தது. பல்புகள் அணைந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ சிரித்தார்.

"நல்லவேள சார், இங்கனயே போச்சு."

மறுபடி பிரித்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை ஒரு மணி நேரம் எரிந்தும் பெட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகே கையில் கொடுத்தார்.

தன் வேலை அடுத்தவன் முன்னால் தோற்றதற்குச் சந்தோஷப்பட்ட வேறொரு ஆளை நான் பார்த்ததில்லை. நானாக இருந்தால், மீட்டர் முள்ளைக் காட்டியே அனுப்பியிருப்பேன்.