ராகுகாலமும் வடக்குப் பேருந்தும்

திங்கட்கிழமை காலை ஏழு முப்பத்தைந்து. கதவைத் திறந்தபோது நான் முதலில் பார்த்தது அப்பாவின் வெறுங்கையைத்தான். ஜனவரிக் குளிரில் விரல் நுனிகள் சிவந்து, விரல் கணுக்கள் வெளுத்து, அது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கையுறையை மறந்துவிட்டு, தெருமுனைவரை போய், அதற்காகத் திரும்பி வந்திருந்தார். கையுறை சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் பேருந்தைப் பிடித்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் செல்லத்துரை அங்கிள் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோ நகரின் சென் ஜேம்ஸ் ரவுணில், அகதிக் குடும்பங்கள் நிறைந்த ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்த அப்பா, ரொறன்ரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வடக்கே சட்பரியில் ஓர் அளவை அலுவலகம், காட்டு நிலங்களின் எல்லைகளை அளக்க ஆள் தேடி, அன்று பிற்பகல் நேர்முகத்துக்கு அவரை அழைத்திருந்தது. பேருந்து எட்டரைக்கு. அதைத் தவறவிட்டால், அடுத்தது போய்ச் சேரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். தன் தொழிலுக்குத் திரும்ப அப்பாவுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அந்தப் பேருந்தில் இருந்தது.

செல்லத்துரை அங்கிள் எங்களுக்கு முன்னரே வந்தவர். எங்களுக்கு வீடும் அப்பாவுக்கு வேலையும் பிடித்துத் தந்தவர். அந்த இரண்டு உதவிகளின் பேரில் எங்கள் கட்டடத்தில் கனடா என்ற நாடே அவருடைய பொறுப்பில் இருந்தது. புதிதாக வந்தவர்களை எல்லாம் தன் வான் வண்டியில் ஏற்றி, புட்டும் இறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு, நயாகராவுக்குக் கூட்டிப்போவார்; அருவிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்துப் படம் பிடிப்பார்; பிறகு வண்டித் தரிப்பிடத்தில் புட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மூன்று சமுத்திரங்களைத் தொடும் இந்த நாட்டில் அவர் கண்ணால் கண்டது அவ்வளவுதான். மிகுதியை வாயால் கண்டார். வடக்கே ஆறு மாதம் இருட்டு என்பார். கரடி "றோட்டிலை லைற்றுக்கு நிக்கும்" என்பார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிடப் பணிவாகத் தலையாட்டுவார்கள்.

முதல்நாள் மாலை அப்பா, அன்றிரவே புறப்பட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். "ஆரும் இல்லாத ஊரிலை எங்கை படுப்பாய், கரடியோடையோ?" என்று அங்கிள் கேட்க, எங்கள் வீட்டில் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகுகாலம். ஆகவே அதற்கு முன் படி இறங்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஏழரை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குசினிச் சுவரில், ஊர்க் கடையொன்றின் பெயரோடு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலண்டர் தொங்கியது. அதில் இருந்து வந்தது.

சொன்னபடியே ஏழரைக்கு முன் அங்கிள் வந்து வழியனுப்பினார். பிறகு அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அப்போதுதான் அப்பா திரும்பி வந்தார்.

"உதென்ன தம்பி, போன கால் திரும்பி வந்திட்டுது?"

"கையுறை, அண்ணை. எடுத்துக்கொண்டு உடனை போறன்."

"உள்ளுக்கை வந்திட்டாய். இனி முதல் போனது கணக்கிலை வராது. இப்ப ராகுகாலம். இரு, தண்ணியைக் குடி. ஒம்பதுக்கு வெளிக்கிடலாம்."

அம்மா குசினி வாசலுக்கு வந்தாள். "அண்ணை, பஸ் எட்டரைக்கெல்லோ? ராகு போகுமட்டும் பஸ்காரன் நிப்பாட்டி வைப்பானே?"

"பிள்ளை, எனக்குக் கனடாவைச் சொல்லித் தராதை. வெளியிலை ஸ்நோவைப் பார். ஸ்நோ கொட்டினால் இஞ்சை ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வெளிக்கிடாது. பத்தாகும்."

"இஞ்சாருங்கோ, நீங்கள் போங்கோ," என்றாள் அம்மா அப்பாவிடம்.

அப்பா அவளைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி கம்பளத்தில் உருகி, கறுப்பாகப் படர்ந்தது. அங்கிள் இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்தபடி, வடக்கில் மூச்சு விட்டால் அது கட்டியாகிக் கீழே விழும் என்று விளக்கினார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. சூரியன் வந்தபோது எட்டு மணியை நெருங்கிவிட்டது. அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். "இப்ப போ. வெற்றிதான்."

பேருந்து எட்டரைக்கே போய்விட்டிருந்தது. நிலையத்திலிருந்தே அப்பா அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொன்னார்களாம். மாலையில் அங்கிள் மறுபடி வந்து, நடந்ததைக் கேட்டு, "அந்தக் குளிருக்கை போய்ச் சாகாமல் கடவுள் காப்பாத்தினார்" என்றார். அறையில் இருந்தவர்கள் "ஓம், ஓம்" என்றார்கள். அப்பாவும் சொன்னார்.

பின்னாளில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஞ்சாங்கப் பக்கத்தைச் சரிபார்ப்பதும் என் வேலையில் ஒன்று. ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடப்படுவது. காலை ஆறு மணிக்கு விடியும் ஊரின் ஏழரை, எட்டு மணிக்கு விடியும் ஊருக்குப் பொருந்தாது. அந்த ஜனவரித் திங்களுக்கு ரொறன்ரோக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ராகுகாலம் தொடங்கியது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. கிரகங்களுக்குப் பயந்த கூட்டம், ஜன்னலுக்கு வெளியே எழுந்த சூரியனைப் பார்க்கவில்லை. தன் மூடநம்பிக்கையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத கூட்டம் அது.

அந்தக் கூட்டம் இப்போது இல்லை. செல்லத்துரை அங்கிள் காலமாகிவிட்டார். மற்றவர்கள் மார்க்கம், ஏஜக்ஸ் என்ற புறநகர்களில் வீடு வாங்கிக் கலைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கோடையில் ஏரிக்கரையில் வீடு வாடகைக்கு எடுத்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிறார்கள். ரொறன்ரோவுக்கான ராகுகாலத்தைக் கைத்தொலைபேசி சரியாகச் சொல்கிறது. ஒரு நாட்டையே ஒருவரின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு ஓர் அறை நிறைய ஆட்கள் இருக்கும் காட்சியை நான் பிறகு பார்க்கவில்லை.

அப்பா பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.