வாக்களிக்க ஒரு கடதாசி

கனடாவின் உரிமைகள் சாசனம், மூன்றாம் பிரிவு: குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை உண்டு. சிறை சென்றவர்கள் நீங்கலாக என்று அதில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், ஓய்வுபெற்றவனுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எனக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். குடியுரிமை வாங்கிய பிறகு ஓர் அடிதடி வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். உள்ளே இருந்தபோதே வாக்குப்பெட்டி வந்ததாம். யார் எழுந்து வருகிறார்கள் என்று வேவு பார்க்கத்தான் கொண்டுவருகிறார்கள் என நினைத்துப் படுத்தே இருந்துவிட்டாராம். இந்தத் தேர்தலிலாவது முதல் வாக்கைப் போட்டுவிட ஆசை.

பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"சட்டம் சரி அண்ணை. ஆனா நான் போடலாமெண்டு ஒரு கடதாசி வேணும்."

"அப்படி ஒரு கடிதமே கிடையாதுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"சண்டை நேரம் வவுனியாவில ஆமிக்காரரும் உப்பிடித்தான் சொன்னவங்கள். பேந்து அங்க தங்கிறதுக்குப் பாஸ் எங்கையெண்டு கேட்டு நாள்கணக்கா இருத்தி வைச்சவங்கள். உங்களுக்கு விளங்காது. நீங்கள் விசாவோட பிளேனில வந்து இறங்கின ஆள்."

தேர்தல் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். தாராளமாக வரலாம் என்றார்கள். குரல் அவருக்குப் போதவில்லை. எழுத்தில் பதில் கேட்டு, பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அன்று முதல் மாலைதோறும் மேலே வந்து, "வந்ததோ?" என்பார். தேநீர் போடுவேன். மனைவி போன பிறகு, பார்சல் கொடுக்க அல்லாமல் இந்தப் படியேறி வந்த ஆள் அவர் ஒருவர்தான்.

முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் போயின. தேர்தலன்று, திங்கட்கிழமை, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் தபால் பெட்டியருகே நின்றார். தபால்காரர் பீட்சா விளம்பரமும் வேட்பாளர்களின் துண்டறிக்கைகளும் தந்துவிட்டுப் போனார்.

"கூட வாங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால திருப்பி அனுப்பினா, பேந்து இந்தத் தெருவில நான் எப்பிடி நடக்கிறது? நீங்கள் போட்டுட்டு வாங்கோ அண்ணை."

தனியாகப் போனேன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பெயரையும் முகவரியையும் பார்த்தார்கள், மெர்சி என்று நன்றி சொன்னார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அதை அவரிடம் சொல்லலாமென்று திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. அன்று தேநீருக்கு அவர் வரவில்லை.

பதில் வந்தது. வாக்களிக்க அனுமதிக் கடிதம் எதுவும் தேவையில்லை என்று, முத்திரையும் கையொப்பமும் இட்டு, தனிக் கடிதமாகவே அனுப்பியிருந்தார்கள். அது வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை, தேர்தலுக்கு மறுநாள்.