வெள்ளைச் சேலைக்குச் சிவப்புச் சாயம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு கலர் போட்டோ வந்து தொங்கியது. அதற்கப்புறம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது அப்பா அம்மா கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். வேறு பிரதி கிடையாது, நெகட்டிவும் கிடையாது. அப்பா அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு ஸ்டூடியோக்காரர் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையாலேயே கலர் ஏற்றித் தருவார். சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றுவார். வேறு பிரதி எடுத்து அதில் பூசட்டுமா என்று கேட்டிருக்கிறார். அது தண்டம் என்று அப்பா மறுத்துவிட்டார். என்னென்ன கலர் என்று கேட்டதற்கு, கோட்டு கருநீலம் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்று திரும்பி வந்துவிட்டார். அப்பாவைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் கோட்டுதான் முக்கியம். அது இரவல் கோட்டு என்பது வேறு விஷயம்.

படம் வந்தது. கோட்டு கருநீலமாகத்தான் இருந்தது. பக்கத்தில் அம்மா அரக்குச் சிவப்புச் சேலையில் நின்றாள். தலையில் போட்டிருந்த வலைத்துணியை முந்தானை என்று நினைத்து, ஸ்டூடியோக்காரர் அதற்கு ஜரிகை இழுத்திருந்தார். நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வேறு. அப்பா வகையறாவில் கல்யாணப் பெண் வெள்ளைச் சேலையில்தான் பீடத்தின் முன்னால் நிற்க வேண்டும். பங்குச் சாமியார் பார்த்தால் என்ன சொல்வார் என்று அப்பா குதித்தார். நாளைக்கே கொண்டுபோய் அழிக்கச் சொல்கிறேன் என்றார். படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இருந்துட்டுப் போவட்டுங்க" என்றாள். அது அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் அம்மா தானும் வருவதாகக் கிளம்பினாள். பஸ்ஸில் போகும் ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"என்னாங்க இது, என் பொண்டாட்டியவே மாத்திட்டீங்க?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"கல்யாணப் பொண்ணு வெள்ளச் சேலையில நிக்குங்களா? படந்தான் பழசாகி வெளுத்துப் போச்சுன்னு நெனச்சனுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் சனத்தில் புருஷன் போனவர்கள்தான் வெள்ளை கட்டுவார்கள். அப்பாவைக் கோட்டோடு உயிரோடு நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே அம்மாவை வெள்ளையில் விட அவருக்கு மனசு வரவில்லை.

"மருந்துல ஊறப் போட்டா சாயம் போயிடுங்க. கூடவே படம் போனாலும் போவும்" என்று புட்டியை எடுத்தார்.

"போனாப் போவுது. அழிங்க."

அம்மா மேசையிலிருந்த படத்தை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"குடுக்க மாட்டனுங்க. எங்க பென்னாகரம் பக்கமெல்லாம் கூறச் சேலதான். எங்கம்மா செவப்புல எடுத்து வெச்சிருந்தாங்க. உங்க வூட்டுலதான் வெள்ளதான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. தாலி கட்டறப்ப அப்படி அழுதனே, எதுக்குன்னு நெனச்சீங்க? அந்தச் சேலைக்குத்தான் அழுதேன்."

எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்பா கத்தப் போகிறார் என்று பயமாகவும் இருந்தது. அவர் கத்தவில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"சேலைக்கா அழுத?" என்றார்.

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்னையப் புடிக்காமத்தான் நீ அழுவறேன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தனே."