வௌவால் மரத்துப் பங்காளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவளுக்கு அது வேண்டியதுதான் என்று நானே சொல்லிக்கொள்வேன். அந்த வாயும் ஒரு தீபாவளியன்று அடைத்துப்போனது.

என் கணவரின் ஊர் வடமதுரைக்குப் பக்கம். கொழுந்தனார் வீட்டை ஒட்டி ஒரு ஆலமரம். பகலெல்லாம் அதில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். அவை மிரளக்கூடாதென்று அந்த ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி போடுவதில்லை. மத்தாப்போடு சரி.

2003-ல் சார்ஸ் காய்ச்சல் பரவியபோது, சீனச் சந்தையில் கூண்டில் வைத்து விற்ற மரநாய்களிடம் அந்தக் கிருமி இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஊரில் யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து, அதன் உறவுக் கிருமிகள் வௌவால்களிடம் இருக்கின்றன, மூலம் அங்கேதான் இருக்கும் என்று செய்தி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. தொட்டில் கட்டியிருந்ததோ, மரத்து நிழல் விழும் தாழ்வாரத்தில்.

தீபாவளிக்குப் போய் இறங்கினால், மனிதர் ஒரு பை நிறைய அணுகுண்டு வாங்கி வைத்திருக்கிறார்.

"இன்னைக்கு அம்புட்டையும் விரட்டிப்புட்டுத்தான் மதினி மறுவேலை."

ஐயோ என்றிருந்தது எனக்கு. "தம்பி, செய்தியில வந்தது குகையில கெடக்குற சின்ன வௌவாலு, பூச்சி திங்கிறது. இது பழம் திங்கிறது. அங்கயும் அதே கிருமின்னு சொல்லல. மரநாய்க்கிட்ட இருந்ததும் மனுசனுக்கு வந்ததும் அண்ணன் தம்பி மாதிரி. வௌவாலுக்கிட்ட இருக்கிறது பங்காளி. தாத்தா ஒண்ணு, அம்புட்டுத்தான்" என்றேன். வகுப்பில் இந்த உதாரணத்துக்குப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

"பங்காளியா? பாம்பக்கூட நம்பலாம் மதினி, பங்காளிய நம்பக் கூடாது" என்றார் அவர். கிணற்றுப் பங்குக்காகப் பெரியப்பா மகன்களோடு கோர்ட்டுக்கு அலைகிற மனிதரிடம் போய் இதைச் சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல.

விடுவேனா? "சரி, பங்காளின்னே வச்சுக்கங்க. அவன் பாட்டுக்கு அவன் வீட்டுல கெடக்கான். நீங்களா போயி அவன் வாசல்ல வெடியப் போட்டா சும்மா இருப்பானா? சீனாவுலயும் மரநாய் தானா நடந்து சந்தைக்கு வரல. புடிச்சுக் கூண்டுல அடைச்சது மனுசன்தான்."

அவர் தொட்டிலைப் பார்த்தார். "எல்லாஞ் சரி மதினி. எம்புள்ளைக்கு இதுகளால ஒண்ணும் வராதுன்னு அவ தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுங்க. இப்பவே பையத் தூக்கித் தண்ணியில போட்டுர்றேன்."

எனக்குக் கை எழவில்லை. வராது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மரத்து வௌவால்களை யார் பிடித்துச் சோதித்துப் பார்த்தார்கள்? "சத்தியமெல்லாம் முடியாது தம்பி. எனக்குத் தெரியாது" என்றேன். அவர் பையோடு எழுந்துவிட்டார்.

அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பையக் கீழ வைங்க."

"மதினிக்கே தெரியலங்கிறாக."

"அதுக்குத்தான் வைங்கங்கிறேன். இவ என் வயித்துல தங்குறதுக்கு முந்தி எத்தன பேரு எனக்குச் சத்தியம் பண்ணாக! சோசியரு பண்ணாரு, வைத்தியரு பண்ணாரு, குறி சொல்ற கோடாங்கி பண்ணாரு. எது பலிச்சுச்சு? 'தெரியல, பாப்போம்'னு சொன்னது அக்கா ஒருத்திதான். பொய் சொல்லத் தெரியாத ஆளு நமக்கும் ஒண்ணு இருக்குன்னு அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்குனேன்."

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தெரியாதது கெடக்கட்டும்க்கா. தெரிஞ்சதச் சொல்லுங்க. அத மட்டும் செய்வோம்."

"தொட்டில உள்ள கட்டு. வௌவால் கடிச்ச பழத்த யாரும் திங்கக் கூடாது" என்றேன். அதுதான் இனிப்பு என்று அந்த வீட்டில் கொய்யாப்பழத்துக்கு அடிதடியே நடக்கும்.

கொழுந்தனார் ஒரு வாளித் தண்ணீரில் பையை அமுக்கிவிட்டு, குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துத் தொட்டில் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.